சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

கிளீவ்லாந்துப் பக்கம் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். ஈரி ஏரியிலிருந்து வரும் பனிக்கு வேறு வழியும் இல்லை. அந்த உப்பு வண்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு இரும்பாக இருக்கும் எதையும் விட்டுவைக்காது. சேஸி, பிரேக் குழாய், சைலன்சர் என்று அரித்துக்கொண்டே வந்து, யாரும் அதிகம் நினைக்காத இரண்டு மெல்லிய குழாய்களில் கை வைக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போய்த் திரும்பும் கூலர் குழாய்கள். இந்த ஊரில் யாராவது "பழைய வண்டி, சிவப்பாக ஆயில் ஒழுகுகிறது" என்று சொன்னால் நான் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அங்கேதான்.

என்னிடம் இருப்பது 1978ஆம் வருடத்து செவர்லே சி10 பிக்கப். 350 கன அங்குல வி8 எஞ்சின். அதன் பின்னால் மூன்று கியர் டர்போ ஹைட்ராமேட்டிக் 350, சுருக்கமாக டிஎச்350. 1969 மாடல் வண்டிகளில் தொடங்கி எண்பதுகளின் நடுப்பகுதி வரை ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் பெட்டியை லட்சக்கணக்கில் செய்து தள்ளியது. எங்கள் ஊர்த் தியாகராஜ ஆராதனையும் 1978இல்தான் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரே வயது. ஆராதனையைத்தான் ஒழுங்காகப் பராமரித்து வந்திருக்கிறார்கள்.

எனக்கு விற்றவர் ஒரு பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டையும் சேர்த்தே கொடுத்தார். "ஆயில் கசிவு, முழு ரீபில்ட் தேவை" என்று இருந்தது. கியர்கள் எல்லாம் அருமையாக விழுந்துகொண்டிருந்தன. வழுக்கல் இல்லை, ரிவர்ஸில் தாமதம் இல்லை, ஆயிலில் கருகல் வாடையும் இல்லை. உள்ளே நன்றாக இருக்கும் பெட்டியை வெளியே ஒழுகுகிறது என்பதற்காகப் பிரித்துப் போடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போதும் படவில்லை. பழைய ஆட்டோமேட்டிக்குகளில் நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை, வண்டியிலிருந்து பெட்டியை இறக்காமலே, சில டாலர் ரப்பரில் முடியக்கூடியவை. எந்த ரப்பர் என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

ஓட்டு வீட்டில் ஒழுகல் தேடியவர்களுக்கு இது புரியும். சமையலறையில் சொட்டும், ஓடு உடைந்திருப்பது கூடத்துக்கு மேலே. வண்டியில் இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. அறுபது மைல் வேகத்தில் போகும்போது முன்னால் கசிந்த ஆயில் பெட்டியின் வயிற்றோடு பின்னால் ஓடி, அடியில் ஆயில் தேங்கும் தகரத் தட்டான பானின் விளிம்பில் சேர்ந்து, கடைசி போல்ட்டிலிருந்து சொட்டும். பார்ப்பவர் பானுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட்டைக் குறை சொல்வார். பாவம், அது ஒன்றும் செய்திருக்காது.

முதல் கேள்வி, இது எந்த ஆயில்? ஆட்டோமேட்டிக் ஆயிலுக்கு, அதாவது ஏடிஎஃப்புக்கு, சிவப்புச் சாயம் போடுவது எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்துப் பார்க்கத்தான். ஆனால் பழசான ஏடிஎஃப் பழுப்பாகிவிடும். வண்டிக்கடியில் அழுக்கோடு சேர்ந்தால் எல்லாமே கறுப்பு. ஒரு வெள்ளை அட்டையை இரவு முழுக்க அடியில் போட்டு வைத்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிப் பாதியில் ஏமாற்ற இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று பவர் ஸ்டீயரிங்: பழைய வண்டிகளில் அதிலும் ஏடிஎஃப் ஊற்றி வைத்திருப்பார்கள், ஆகவே சிவப்பெல்லாம் கியர்பாக்ஸ் இல்லை. இன்னொன்று செவர்லே சிறிய வி8க்கே உரிய தொல்லை. ஆயில் அழுத்தத்தை அளந்து டாஷ்போர்டுக்கு அனுப்பும் சென்டர் என்ற சிறு உறுப்பு அதில் எஞ்சின் பிளாக்கின் பின்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத மூலையில் உட்கார்ந்திருக்கும். அது கசிந்தால் ஆயில் பிளாக்கின் முதுகோடு இறங்கி, எஞ்சினும் பெட்டியும் சேரும் இடத்து உறையான பெல்ஹவுசிங்கின் அடியில் சொட்டும். எஞ்சின் பின் சீல் போய்விட்டது, இல்லை கியர்பாக்ஸ் முன் சீல் போய்விட்டது என்று இரண்டு பெரிய வேலைகளுக்குப் பணம் எண்ணி வைப்பார்கள். மாற்ற வேண்டியது ஒரு சென்டர். வால்வ் கவர் கேஸ்கெட்டின் பின் மூலையும் இதே வேலையைச் செய்யும்.

அதனால் ஸ்பானரை எடுக்கும் முன் கழுவ வேண்டும். நாற்பது வருட அழுக்கின் மேல் எதையும் கண்டுபிடிக்க முடியாது. டிகிரீசர் அடித்து, ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, காய்ந்த பிறகு பிரேக் கிளீனரால் ஒருமுறை துடைத்துவிடுவேன். அப்புறம் காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரே. பெட்டி முழுக்க வெள்ளையாகப் பூசிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால், கசியும் இடத்தில் மட்டும் பவுடர் நனைந்து கோடு போட்டிருக்கும். கோட்டின் மேல் முனைதான் வேண்டியது. இன்னும் பிடிபடாவிட்டால் ஏடிஎஃப்பில் கலக்கும் புற ஊதாச் சாயம் இருக்கிறது; நீல விளக்கு, மஞ்சள் கண்ணாடியோடு விற்கிறார்கள். நல்ல சாமான்தான். ஆனால் கழுவாமல் சாயம் ஊற்றினால் அடிப்பகுதி முழுக்கப் பச்சையாக ஒளிரும், அவ்வளவுதான். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். வெறும் ஜாக்கை நம்பிப் படுப்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

எப்போது சொட்டுகிறது என்பதும் துப்புதான். ஓடும்போது மட்டும் சொட்டினால் அழுத்தம் உள்ள இடங்களைப் பார்க்க வேண்டும்: கூலர் குழாய், கியர் மாறும் இடியை மென்மையாக்கும் அக்குமுலேட்டரின் மூடி, பெட்டியின் முன்பக்க ஆயில் பம்ப். வாரக்கணக்கில் நின்ற பிறகு சொட்டினால் கதை வேறு. எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர்; நிற்கும் வண்டியில் அதற்குள் இருக்கும் ஆயில் மெல்ல வடிந்து பானுக்கு இறங்கிவிடும். பானில் மட்டம் ஏறி, சாதாரணமாக ஆயில் தொடாத உயரத்தில் இருக்கும் கியர் லீவர் தண்டின் சீலை மூழ்கடிக்கும். அந்தச் சீல் காய்ந்துபோயிருந்தால் அங்கிருந்து சொட்டும். ஸ்டார்ட் செய்து கன்வெர்ட்டர் நிரம்பியதும் தானே நின்றுவிடும். கிரைஸ்லரின் பழைய டார்க்ஃப்ளைட் பெட்டிகள் இதில் பெயர் போனவை. அவற்றில் இன்னொரு விசேஷமும் உண்டு: எழுபதுகளின் பிற்பகுதிக்கு முந்தியவற்றில் பார்க்கில் வைத்தால் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது. நியூட்ரலில் ஓடவிட வேண்டும். தெரியாமல் பார்க்கில் வைத்து மணிக்கணக்கில் ஐடிலில் விட்டுவிட்டு, தரையில் குளம் ஏன் பெரிதாகிறது என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள்.

என் வண்டியில் முதலில் மாட்டியது நான் சொன்ன கூலர் குழாய்தான். சட்டத்தை ஒட்டிப் போகும் வளைவில் துருப்பிடித்து, ஊசிமுனை ஓட்டையிலிருந்து மெல்லிய புகையாக ஆயில் பீய்ச்சிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் பலர் ரப்பர் ஹோஸை வெட்டிச் செருகி, கிளாம்ப் போட்டு முடித்துவிடுவார்கள். எரிபொருள் ஹோஸ் ஏடிஎஃப் சூட்டுக்கு ஆனதல்ல. கூலர் குழாய்க்கென்றே வரும் ஹோஸாக இருந்தாலும் வழவழப்பான இரும்புக் குழாயில் அது நழுவிவிடும். குழாய் முனையில் சிறு மேடு எழுப்பியிருக்க வேண்டும். நான் முழு நீளத்துக்கும் நிக்கல் செம்புக் குழாய் வளைத்துப் போட்டேன். துருப்பிடிக்காது, கையால் வளையும்.

கூலரிலேயே இன்னொரு ஆபத்து இருக்கிறது, அது வெளியே சொட்டாது. ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கூலர் பொத்தல் விட்டால் ஆயிலும் கூலன்ட்டும் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்தால் இளஞ்சிவப்பில் நுரைக் குழம்பு வரும். கூலன்ட்டில் இருக்கும் கிளைகால் கிளட்ச் தட்டுகளின் பசையைக் கரைத்துவிடும். அப்போதுதான் அந்தப் பட்டறைக்காரர் சொன்ன ரீபில்ட்டுக்கு உண்மையிலேயே வேலை வரும். வரலாற்றில் இதற்கு ஒரு விசித்திரமான கிளைக் கதை இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கம் வரை ஏடிஎஃப்பில் உராய்வைச் சீராக்க ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் கலந்திருந்தார்கள். அமெரிக்காவில் அழிந்துவரும் உயிரினங்கள் சட்டம் 1973இல் வந்தது; அந்தக் காலத்தை ஒட்டித் திமிங்கல எண்ணெய் நின்றது. மாற்றாக வந்த ஜெனரல் மோட்டார்ஸின் முதல் டெக்ஸ்ரான் 2 ஏடிஎஃப் கலவை கூலரின் ஈயப்பற்றை அரிக்க ஆரம்பித்து, அரிப்புத் தடுப்பான் சேர்த்துத் திருத்த வேண்டி வந்தது. திமிங்கலத்தைக் காப்பாற்றப் போய் ரேடியேட்டர் மாட்டிக்கொண்டது.

அடுத்தது பான். டிஎச்350இன் பானில் 13 போல்ட். கம்பெனிப் பானில் வடிகால் பிளக் கிடையாது என்பதால் கழற்றுபவர் குளித்துத்தான் எழ வேண்டும். பின்பக்க போல்ட்டுகளை முதலில் எடுத்து, முன்பக்கத்தைத் தளர்த்தி, சாய்த்து வடித்தால் குளியல் கொஞ்சம் குறையும். சொட்டுகிறது என்றதும் ஒவ்வொரு சொந்தக்காரரும் போல்ட்டுகளை இன்னொரு சுற்று முடுக்கியிருப்பார்கள். தகடு மெல்லியது, போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குழிந்துபோகும். குழிந்த இடத்தில் கார்க் கேஸ்கெட் நசுங்கிப் பிதுங்கும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே தகடு தூக்கிக்கொள்ளும், அந்த வழியாகச் சொட்டும். சொட்டினால் மறுபடி முடுக்குவார்கள். இதை நிறுத்த கேஸ்கெட் மட்டும் போதாது. பானைக் கழுவி, விளிம்பை மரக்கட்டையின் மேல் கவிழ்த்து, குழிந்த ஒவ்வொரு ஓட்டையையும் சுத்தியலால் தட்டிச் சமமாக்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தால் எங்கே இடைவெளி என்று தெரியும். அப்புறம் புது கேஸ்கெட், குறுக்கும் நெடுக்குமாக, 12 அடி-பவுண்டு. அது நிறையக் குறைவாகத்தான் தோன்றும். அவ்வளவு போதும். பெட்டி அலுமினியம், மிஞ்சி முடுக்கினால் மரை பிய்த்துக்கொண்டு வரும், அதற்குப் புது மரைச் சுருளான ஹெலிகாயில் போடும் வேலை தனி.

சிலிக்கான் பேஸ்ட் பற்றிக் கேட்பார்கள். நான் போடுவதில்லை. உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து விழுந்து ஃபில்டரில் போய் அடையும்; ஆயிலை வழிப்படுத்தும் வால்வ் பாடியின் மெல்லிய துளைகளுக்கு அது வேண்டாத விருந்தாளி.

எனக்கு மிகவும் பிடித்த கசிவு, அதாவது கண்டுபிடித்தபோது சிரிப்பு வந்த கசிவு, வேக்யூம் மாடுலேட்டர். பெட்டியின் வலப்பக்கம் பின்னால் ஒரே ஒரு போல்ட்டிலும் ஒரு பிடியிலும் நிற்கும் தகர டப்பா அது. எஞ்சின் இன்டேக்கிலிருந்து ஒரு வேக்யூம் குழாய் இதற்கு வரும். எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை அந்த வேக்யூமை வைத்துப் பெட்டி தெரிந்துகொள்ளும். உள்ளே ஒரு ரப்பர்த் திரை. திரை கிழிந்தால் எஞ்சின் அந்தக் குழாய் வழியாக ஏடிஎஃப்பை உறிஞ்சிக் குடித்துவிடும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. டிப்ஸ்டிக்கில் மட்டம் மட்டும் குறைந்துகொண்டே போகும், சைலன்சரில் வெண்புகை. கூடவே கியர் தாமதமாக, இடித்துக்கொண்டு விழும். வேக்யூம் வராததால் எஞ்சின் முழுப் பாரத்தில் இழுக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொள்கிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று எஞ்சினைப் பிரித்த கதைகள் உண்டு. சோதனை ரொம்ப எளிது: மாடுலேட்டரிலிருந்து வேக்யூம் ஹோஸை உருவிப் பார்க்க வேண்டும். அதற்குள் சிவப்பு ஈரம் இருந்தால் முடிவு தெரிந்துவிட்டது. என் வண்டியில் திரை நன்றாகவே இருந்தது, டப்பாவின் கழுத்தில் இருக்கும் ஓ-ரிங் மட்டும் கருங்கல்லாகியிருந்தது. அடிக்கடி அப்படித்தான்.

கவர்னர் மூடி, அக்குமுலேட்டர் மூடி, கிக்டவுன் கேபிள் நுழையும் இடம், ஸ்பீடோமீட்டர் கியர், டிப்ஸ்டிக் குழாயின் அடிப்பகுதி. இவை எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்: கழற்று, பழைய ஓ-ரிங்கைத் தூக்கிப் போடு, புதிதில் ஏடிஎஃப் தடவி மாட்டு. அக்குமுலேட்டர் மூடிக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கிறது, ஆகவே அதைப் பிடித்திருக்கும் வளையத்தை எடுக்கும் முன் மூடியை அழுத்திப் பிடிக்க ஏதாவது வேண்டும்.

பின் சீலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் உள்ளே நுழையும் வால்பகுதியில் இருப்பது. மாற்றுவது சுலபம்: ஷாஃப்ட்டை உருவி, பழையதை நெம்பி எடுத்து, புதியதைச் சமமாகத் தட்டி ஏற்ற வேண்டும். அதனால்தான் இதே சீலை வருடா வருடம் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். சீல் தானாகக் கெடுவது குறைவு. வால்பகுதிக்குள் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் என்ற உலோக வளையம் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் எந்தப் புதுச் சீலும் சில மாதம்தான். ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் யோக்கை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாலே தெரியும். யோக்கில் பழைய சீலின் உதடு பதிந்து பள்ளம் விழுந்திருந்தாலும் அதே கதி. மெல்லிய உறைச்சட்டை ஏற்றலாம், இல்லை வேறு யோக் தேடலாம். பெட்டியின் மேலே இருக்கும் மூச்சுக் குழாய் சேற்றால் அடைத்திருந்தால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியே தள்ளும். சீலை மாற்றும் முன் அந்தக் குழாயில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தால் காசு மிஞ்சலாம்.

போன ஈஸ்டர் சமயம் ஆராதனைக்கு வந்திருந்த தம்பி ஒருவன் தன் கேம்ரியைக் கொண்டு வந்து நிறுத்தினான். தொண்ணூறுகளின் நாலு சிலிண்டர் வண்டி, மாணவர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டும் ரகம். "அண்ணா, டிப்ஸ்டிக்ல ஃபுல்லாதான் இருக்கு. ஆனா கீழ சிவப்பா ஒழுகுது, திரும்பும்போது உறுமல் வேற கேக்குது" என்றான். டொயோட்டாவின் ஏ140ஈ பெட்டி. அதில் டிஃபரன்ஷியலுக்குத் தனி ஆயில் அறை, சுமார் 1.6 லிட்டர், தனி நிரப்பும் பிளக். டிப்ஸ்டிக் அதைக் காட்டவே காட்டாது. ஆக்ஸில் சீல் கசிந்து அறை வறண்டுகொண்டிருந்தது. அவனுக்கு முன்னால் ஓட்டிய யாருமே அந்தப் பிளக்கைத் திறந்ததாகத் தெரியவில்லை. சீல் மாற்றி நிரப்பியதும் உறுமல் குறைந்தது, முழுதும் போகவில்லை. பேரிங் ஏற்கெனவே அடி வாங்கியிருந்தது.

ஜெர்மன் வண்டிக்காரர்களுக்கு வேறு மாதிரி. 1996இல் வந்த மெர்சிடிஸ் 722.6 பெட்டியில் ஒயர் நுழையும் பிளாஸ்டிக் கனெக்டரின் ஓ-ரிங் கசியும். கசிந்த ஆயில் கீழே சொட்டுவதோடு நிற்காமல் ஒயர்களுக்குள்ளேயே ஏறி, எஞ்சின் அறையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்விடும். கனெக்டர் மலிவு. அந்தப் பெட்டி மலிவு இல்லை.

டப்பாவில் விற்கும் கசிவு நிறுத்தி மருந்தைப் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது, ஆனால் முழு நிராகரிப்பு இல்லை. அது ரப்பரை ஊதி மென்மையாக்கும் திரவம். வயதாகி இறுகிப்போன சீலுக்குக் கொஞ்ச காலம் உயிர் கொடுக்கும். தேய்ந்த புஷ்ஷுக்கும், துருப்பிடித்த குழாய்க்கும், குழிந்த பானுக்கும் ஒன்றும் செய்யாது. விற்கப்போகும் வண்டியில் ஊற்றுவதற்குத்தான் அது அதிகம் பயன்படுகிறது என்று சந்தேகப்படுகிறேன். அதைவிட மோசம், பிரேக் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றும் பழைய கைவைத்தியம். ரப்பர் ஊதும், உண்மைதான். ஊதிக்கொண்டே போய்க் கூழாகும், கிளட்ச் தட்டுகளையும் கெடுக்கும்.

சில சமயம் கசிவே இல்லை, அளவுக்கு மீறி ஊற்றியதுதான் வெளியே வருகிறது. டிஎச்350இல் மட்டம் பார்ப்பது பெட்டி சூடாக, எஞ்சின் ஓடும்போது, பார்க்கில், சமதரையில். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பொய் சொல்லும். டிப்ஸ்டிக்கில் 'சேர்' குறிக்கும் 'நிறைவு' குறிக்கும் நடுவே ஒரே ஒரு பைன்ட்தான், அரை லிட்டருக்கும் குறைவு. ஒரு குவார்ட் டப்பா முழுவதையும் கவிழ்த்தால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கி, மூச்சுக் குழாய் வழியாகத் துப்பும்.

இதெல்லாம் முடிந்து என் வண்டியில் இப்போது மிச்சம் இருப்பது முன் சீல். பெல்ஹவுசிங்கின் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். கன்வெர்ட்டரின் எஞ்சின் பக்கம் காய்ந்திருக்கிறது, பெட்டிப் பக்கம் சிவப்பு ஈரம். ஆகவே எஞ்சின் பின் சீல் குற்றவாளி இல்லை. இதற்குத்தான் பெட்டியை இறக்கியாக வேண்டும். 120 பவுண்டுக்குக் குறையாத பாரம், கியர்பாக்ஸ் ஜாக் வாடகைக்கு எடுக்க வேண்டும். இவ்வளவு வேலைக்கு இறக்கிவிட்டுச் சீலை மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை. பம்ப்பைச் சுற்றியிருக்கும் பெரிய சதுர ஓ-ரிங், எட்டு பம்ப் போல்ட்டுகளின் ரப்பர் வாஷர், பம்ப் புஷ், எல்லாமே அதே இடத்தில் கசியக்கூடியவை. கன்வெர்ட்டரின் கழுத்தில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும். எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பொருத்தும் இரண்டு டவல் பின்களும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். யாராவது தொலைத்திருந்தால் பெட்டி மயிரிழை கோணலாக உட்கார்ந்து, சீலை ஒரே பக்கமாகத் தேய்த்திருக்கும்.

திருப்பி ஏற்றும்போது கன்வெர்ட்டரைச் சுழற்றித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று முறை 'டக்' என்று உள்ளே இறங்கும்: ஒன்று இன்புட் ஷாஃப்ட், ஒன்று ஸ்டேட்டர், கடைசி பம்ப். பெட்டியை எஞ்சினோடு சேர்த்து முடுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுழல வேண்டும், எஞ்சின் பக்கத்து ஃபிளெக்ஸ் பிளேட் தகட்டுக்கும் அதற்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் போல்ட் போட்டு இழுத்தால் ஸ்டார்ட் செய்வதற்குள் பம்ப் உடைந்திருக்கும். மே மாதம், உப்பெல்லாம் மழையில் கழுவிப் போன பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். பம்ப் புஷ்ஷை அடித்து ஏற்றும் டூல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.